‘எங்கே இறங்குவீங்க?’ என்று கேட்கப் பழகுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“தமிழ்னு தெரிஞ்சதும் டிரெயின்ல இடிச்சுத் தள்ளிட்டான்” என்ற புகாரைக் கேட்காத தமிழ் வீடு மும்பையில் இருக்காது. வேலைக்கு வந்த பிள்ளைகள், மகன் வீட்டுக்கு வந்த பெற்றோர், கல்யாணமாகி வந்த பெண்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். சில நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் தினமும் லோக்கலில் (புறநகர் மின்சார ரயிலில்) போய்வருகிற எங்களுக்குத் தெரிந்தவரை, டப்பாவுக்குள், அதாவது ரயில் பெட்டிக்குள், நடக்கும் பெரும்பாலான தகராறுகள் மொழியில் ஆரம்பிப்பதில்லை. ஏறக் கூடாத வண்டியில் ஏறியது, நிற்கக் கூடாத இடத்தில் நின்றது, சொல்லக் கூடாத விதத்தில் ஒரு வார்த்தை சொன்னது என்று ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கின்றன. மொழி பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. புதியவர்களை உட்காரவைத்து இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நெரிசலின் கணக்கு. காலை 8 மணி முதல் 11 மணி வரை வி.டி. (இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்), சர்ச்கேட் பக்கமாகவும், மாலை 5 முதல் 9 வரை எதிர்த் திசையிலும் ஓடும் வண்டிகளின் கூட்டத்துக்கு ரயில்வேக்காரர்களே ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் 14 முதல் 16 பேர். வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் கட்டம் போட்டு, அதற்குள் குடும்பத்தையே நிறுத்திப் பாருங்கள், அப்போது புரியும். வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்பது 20, 30 விநாடி. வாசலின் நடுவில் ஒரு கம்பி. அதன் இரு பக்கமும் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அந்த நேரத்துக்குள் இடம் மாறியாக வேண்டும். அப்போது முதுகில் விழும் கைக்கு உங்கள் ஊர் தெரியாது.

நம் பழக்கத்தில் அறிமுகமில்லாதவரிடம் கேட்கும் முதல் கேள்வி “எந்த ஊரு?” லோக்கலில் அதைக் கேட்டு யாருக்கும் பயனில்லை. அங்கே முதல் கேள்வி “எங்கே இறங்குவீங்க?” மராத்தியில் ‘தும்ஹி குட்டே உத்ரணார்?’, இந்தியில் ‘ஆப் கஹாங் உத்ரேங்கே?’ டப்பாவுக்குள் இருக்கிற ஒழுங்கு முழுவதும் இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் நிற்கிறது.

எந்த வண்டியில் ஏறுவது என்பதே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. வி.டி.யிலிருந்து கர்ஜத் 100 கிலோமீட்டர், கசாரா 121 கிலோமீட்டர். சர்ச்கேட்டிலிருந்து விரார் 60. கசாராவிலிருந்து வேலைக்கு வருகிறவர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். மாலையில் அவருடைய வண்டி ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். நமக்குக் காட்கோபரில் இறங்க வேண்டும். பின்னாலேயே தாணே வண்டி வருகிறது. ஆனாலும் முதலில் வந்தது என்று கர்ஜத் ஃபாஸ்டில் (எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத வண்டியில்) தொற்றிக்கொள்கிறோம். வாசலில் நாம் அடைத்துக்கொண்ட இடத்தில் ஏற முடியாமல் பிளாட்பாரத்தில் நிற்கிறார், அதே பாதையில் தொலைவில் இருக்கும் பத்லாபூர்காரர் ஒருவர். அவர் கோபப்படுவதில் என்ன தப்பு? மேற்கு லைனில் விரார் ஃபாஸ்டில் ஏறி அந்தேரியிலோ போரிவலியிலோ இறங்கப் பார்க்கிறவர்கள் வாங்கும் வசவுக்கும் இதுதான் காரணம். நம் ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிகிற வண்டியாகப் பார்த்து ஏறுவதுதான் இங்கே முதல் மரியாதை.

அடுத்து வரும் வண்டியைக் காட்டும் பிளாட்பாரப் பலகையை, அதாவது இண்டிகேட்டரை, படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மத்திய ரயில்வேயில் ஊரைக் குறிக்க ஆங்கில எழுத்துப் போடுவார்கள். ‘கே’ கல்யாண், ‘டி’ தாணே. இதில் ‘எஸ்’ என்பது கர்ஜத், ‘என்’ என்பது கசாரா. ஸ்லோ வண்டிக்கும் அதே ‘எஸ்’தான், ஃபாஸ்டுக்கு ‘எஃப்’. ஊருக்கான இடத்தில் இருக்கும் எஸ்ஸை ஸ்லோ என்று நினைத்து ஏறிவிடுகிற புதியவர்கள் நிறைய. தாதரில் அப்படி ஒரு ஃபாஸ்டில் ஏறினால் மாட்டுங்காவும் சயானும் கண்ணெதிரே ஓடிப்போய்விடும். குர்லாவிலோ காட்கோபரிலோதான் இறங்கலாம். சயான் போகிறதென்று நம்பி வாசலிலேயே நின்றவர் அதுவரை எல்லோருக்கும் தடையாக நிற்பார். ஹார்பர் லைனில் வடாலாவில் பாதை பிரிகிறது. கிங்ஸ் சர்க்கிள் போகிறவர் அந்தேரி, கோரேகாவ் வண்டியையும், செம்பூர் போகிறவர் பன்வேல் பக்கத்து வண்டியையும் பிடிக்க வேண்டும்.

வண்டிக்குள் நிற்கும் இடத்துக்கு வருவோம். அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவர் மட்டும்தான் வாசலில் நிற்கலாம். தூரம் போகிறவர் உள்ளே, சீட்டுகளுக்கு நடுவே போய்விட வேண்டும். இறங்குவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே நகர ஆரம்பித்து, முன்னால் நிற்கிறவரிடம் இறங்குகிறாரா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம், இடிக்கத் தேவையில்லை. இல்லை என்றால் அவரே உடம்பைத் திருப்பி வழி விடுவார். கேட்காமல் தோளால் தள்ளுகிறவரைத்தான் இங்கே யாரும் மன்னிப்பதில்லை. நம் ஊர் பஸ்ஸில் ஸ்டாப் வந்த பிறகு எழுந்து “இறக்கம், இறக்கம்” என்று சொல்லி வருகிற பழக்கம் இங்கே உதவாது. ஸ்டேஷன் வந்த பிறகு நகர ஆரம்பித்தால் ஏறுகிற கூட்டம் உங்களை உள்ளேயே தள்ளிவிடும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதற்கும் முறை உண்டு. செகண்ட் கிளாஸில் ஒரு பெஞ்சில் மூன்று பேர். நாலாவது ஆள் ஓரத்தில் பாதி உடம்போடு உட்காரலாம். இதுதான் ‘சௌத்தி சீட்’. “ஜரா சர்கா” (கொஞ்சம் நகருங்க) என்று கேட்டால் மூவரும் ஒட்டி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். மறுப்பவரை மற்றவர்களே கேட்பார்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர் எழுந்தால் வரிசையாக உள்ளே நகர்வார்கள், நாலாவது ஆள் மூன்றாவது ஆகிவிடுவார், பெஞ்சுகளுக்கு நடுவே முதலில் வந்து நின்றவருக்கு நாலாவது இடம். உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவார் என்று முன்பே கேட்டு வைத்தவருக்கு அந்த இடம் பேசிவைத்தது மாதிரி. லேடீஸ் டப்பாவில் இது இன்னும் கறாராக இருக்கும். ஒருவர் கேட்டு வைத்த இடத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் நம் பெண்கள் பேச்சு வாங்குகிறார்கள். தெரியாது என்று சொல்லி எழுந்துவிட்டால் அத்தோடு போச்சு. தினமும் ஒரே வண்டியில் போகும் கூட்டங்கள், பாதி தூரம் உட்கார்ந்து வந்த பிறகு நிற்பவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பதையும் காணலாம். ஆனால் இல்லாத நண்பனுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது யார் செய்தாலும் அநியாயம். நம்மவர்களும் கூட்டமாகப் போகும்போது செய்கிறார்கள், நிறுத்த வேண்டும்.

இனி வார்த்தை விஷயம். எங்கள் அனுபவத்தில் அதிகமான மனக்கசப்பு இங்கேதான் வருகிறது.

மராத்தியில் கடைசி எழுத்தின் நெடில் என்ன வேலை செய்கிறது என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. ‘பஸ்’ என்றால் உட்கார், ‘பஸா’ என்றால் உட்காருங்க. ‘தாம்ப்’ நில், ‘தாம்பா’ நில்லுங்க. ‘சாங்க்’ சொல்லு, ‘சாங்கா’ சொல்லுங்க. தமிழில் ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் இருக்கிற தூரம் அங்கே ஒரே ஒரு ஆகாரத்தில் அடங்கியிருக்கிறது. வாசலில் முன்னால் நிற்கும் நரைத்த தலைக்காரரைப் பார்த்து நம்ம பையன் “சல், சல்” என்கிறான். “போங்க சார்” என்று நினைத்துத்தான் சொல்கிறான். அவர் காதில் “போ, போ” என்றுதான் விழுகிறது. அவர் திரும்பி முறைக்கிறார். தன் கறுப்பு நிறத்தைப் பார்த்துத்தான் முறைக்கிறார் என்று பையன் நினைக்கிறான். ‘சலா’ என்று ஒரு துணைக்கால் போட்டிருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வேலை செய்யும் இடத்தில் காதில் விழுந்த இந்தியை அப்படியே டப்பாவுக்குக் கொண்டுவருவதும் இதே கதைதான். ஒர்க்‌ஷாப்பிலும் ஓட்டல் அடுப்படியிலும் ‘தூ’ (நீ), ‘அபே’ (டேய்) என்று பேசிக்கொள்வார்கள். அதைக் கற்றவர் அறிமுகமில்லாத ஒருவரிடம் அப்படியே பேசினால் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

உறவு சொல்லி அழைப்பது நமக்கும் அவர்களுக்கும் பொதுவான குணம். வயதான ஆணுக்குக் ‘காகா’, அம்மா வயதுப் பெண்ணுக்கு ‘மாவ்ஷி’, மூத்தவர்களுக்கு ‘தாதா’, ‘தாயி’. இந்தத் தாயி அக்கா என்ற அர்த்தத்தில் வருவது. நம் அண்ணாவும் அக்காவும் மராத்தி வீடுகளிலும் உண்டு, தயங்காமல் சொல்லலாம். ‘பையா’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். அண்ணன் என்ற நல்ல அர்த்தம்தான். ஆனால் இந்த நகரத்தில் உத்தரப் பிரதேசம், பீகார் தொழிலாளர்களைத் தாழ்த்திச் சொல்லும் பெயராக அது தேய்ந்துபோய்விட்டது. நம்மை ஒரே வார்த்தையில் ‘மதராசி’ என்று அடைப்பது நமக்கு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அவர்களுக்கும். யாராவது மதராசி என்றால் சண்டைக்குப் போகாமல் “தமிழ், தமிழ்நாடு” என்று சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் “அச்சா, தமிழ்” என்று திருத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியை நம்மீது திணிக்காதே என்று பேசும் நாம், மும்பைக்கு வந்து இருபது வருஷமானாலும் இந்தியோடு நின்றுவிடுகிறோம், மராத்தியைக் கற்பதில்லை. 2025-இல் மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் இந்தி மூன்றாம் மொழி என்று அரசாணை வந்து, எதிர்ப்பு கிளம்பி, ஜூன் 29 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதன் சூடு டப்பாவுக்குள்ளும் இருந்தது. தாதரில் நிற்கும் ஒரு மராத்திக்காரருக்குத் தன் மொழி காதில் விழ வேண்டும் என்று தோன்றுவதை இந்தியாவில் யாருக்குப் புரியாவிட்டாலும் தமிழனுக்குப் புரிய வேண்டும். அந்த ஆசையின் பேரில் ஒருவரை அடிப்பதும் மிரட்டுவதும் குற்றம், அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தில்லை. அது வேறு. நான்கு வார்த்தை கற்றுக்கொள்வது வேறு.

யாருக்கும் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் டப்பாவில் நாம் பேசுவது எங்களைக் கூசவைக்கிறது. மாலை நேரத்தில் மீன்கூடையின் வாசனையோடு ஒரு கோலி (மீனவர் இனத்து) அம்மா வந்து நின்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தமிழில் நாலு வார்த்தை. அந்தக் கோலிகள்தான் இந்த ஊரின் ஆதிக்குடிகள். வார்த்தை புரியாவிட்டாலும் சுளித்த முகம் எல்லா மொழியிலும் புரியும். போதாததற்குத் தமிழ் புரிந்தவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். தாராவியில் பிறந்து வளர்ந்த உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் சிலர் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தசராவுக்கு முன்பு, நம் வீடுகளில் ஆயுத பூஜை போடுகிற அதே நேரத்தில், தினப் பயணிகள் தங்கள் டப்பாவுக்குச் செவ்வந்தித் தோரணம் கட்டி, பூஜை போட்டு, ஏறுகிற எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கிறார்கள். ரம்ஜான் மாதத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நோன்பு திறக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பேரீச்சம்பழம் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை நீங்களாக நீட்டினால் இன்னும் நல்லது. போனில் பாட்டையும் வீடியோவையும் ஸ்பீக்கரில் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஜனைக் கோஷ்டியோ சினிமாப் பாட்டோ, நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பை. ஏறுவதற்கு முன்பே முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். முதுகில் இருக்கிற பை ஒரு ஆளின் இடத்தை எடுத்துக்கொள்வதோடு, நாம் திரும்பும்போது பின்னால் இருப்பவரின் முகத்தில் இடிக்கிறது. நமக்குத் தெரிவதுகூட இல்லை. 2025 ஜூன் 9 காலையில் திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையே வளைவில் எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து உயிர்கள் போயின. அன்று பேசப்பட்ட காரணங்களில் பைகள் உரசியதும் ஒன்று. மேலே தட்டில் வைக்க வேண்டுமானால் ஜன்னல் பக்கம் இருப்பவரிடம் கொடுத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள், இறங்கும்போது எடுத்தும் தருவார்கள். வைத்த கையோடு “மேரா ஹை” (என்னுடையது) என்று சொல்லிவிடுங்கள். 2006 ஜூலை 11 அன்று மேற்கு லைனில் ஏழு வண்டிகளில் குண்டு வெடித்த ஊர் இது. யாருடையது என்று தெரியாத பை இருந்தால் டப்பாவே பதறும். அந்தப் பதற்றத்தில் தாடி வைத்த, தொப்பி போட்ட ஒருவரை எல்லோரும் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு நம் அலட்சியம் காரணமாகிவிடக் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸில் பெட்டி படுக்கையோடு வந்து லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்குகிறவர்கள் அதையே குர்லா லோக்கல் ஸ்டேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். நடக்கும் தூரத்தில் இருப்பது ஹார்பர் லைனின் திலக் நகர். அங்கிருந்து ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷன் செம்பூர், மறுபக்கம் குர்லா. கூட்ட நேரமாக இருந்தால் பெட்டிகளோடு லோக்கலில் ஏற வேண்டாம், ஆட்டோவோ டாக்சியோ பிடிப்பது எல்லோருக்கும் நல்லது.

பரேலில் இருக்கும் டாடா ஆஸ்பத்திரிக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான டப்பாவில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதம் கையில் இருக்கட்டும். பார்வையற்றவர்களுக்காகப் பிளாட்பாரத்தில் ‘பீப் பீப்’ என்று ஒரு கருவி ஒலிக்கும்; அதன் பக்கத்தில் நின்றால் அந்த டப்பா நேரே வரும். அதில் கைகால் நன்றாக இருக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கத்திவிடாதீர்கள். கீமோ எடுத்தவரின் அசதி வெளியே தெரியாது. எந்த உரிமையும் இல்லாமல், காலியாக இருக்கிறதே என்று ஏறிக்கொள்கிற வாலிபர்களைத்தான் கேட்க வேண்டும்.

தகராறு வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில், இரண்டு பக்கமும் ஊர்ப் பெயரும் மொழிப் பெயரும் வாயில் வரக் கூடாது. “நீ இடித்தாய்” என்பது இரண்டு பேர் சண்டை. “நீங்கள் எல்லாம் இப்படித்தான்” என்றதும் அது டப்பாச் சண்டை. சங்கிலியை இழுக்காதீர்கள். பின்னால் சில நிமிட இடைவெளியில் வந்துகொண்டிருக்கும் வண்டிகள் எல்லாம் நின்றுவிடும், காரணமில்லாமல் இழுப்பது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவில் குற்றமும்கூட. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே போலீசிடம் சொல்லுங்கள். இறங்க முடியாவிட்டால் 139, அல்லது ரயில்வே போலீசின் 1512. வாசலை மறித்து “இது எங்கள் வண்டி, ஏறாதே” என்கிறவர்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. ரிசர்வ் செய்யாத பெட்டியில் இன்னொரு பயணி ஏறுவதைத் தடுப்பது 155-ஆவது பிரிவில் குற்றம், கெட்ட வார்த்தை பேசுவது 145-இல் வருகிறது. உண்மையிலேயே மொழிக்காக, மதத்துக்காக ஒருவரைச் சூழ்ந்துகொண்டு மிரட்டினால், அவர் தமிழரோ பீகாரியோ முஸ்லிமோ, பக்கத்தில் போய் நின்று “காகா, இங்கே வாங்க” என்று அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்வது வாக்குவாதத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

1960-களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகப் போராட்டம் நடந்த ஊர் இது. மாட்டுங்கா, தாராவிப் பெரியவர்கள் அந்த நினைவைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அது தப்பில்லை. அந்தப் பயத்தோடு ஏறுகிறவருக்கு ஒவ்வொரு இடியும் பகையாகத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். படிப்பு முடித்த பிள்ளைகள் வேலைக்கு வந்து சேரும் ஜூன், ஜூலை மாதங்களில், உங்கள் பத்திரிகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் போட்டு இந்த வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் வெளியிடுங்கள்: தும்ஹி குட்டே உத்ரணார், ஜரா சர்கா, பஸா, சலா, தாம்பா, மாஃப் கரா (மன்னியுங்க). வெட்டி பாஸ் கவரில் வைத்துக்கொள்ளலாம். மும்பையின் நகர பஸ்ஸான பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் தேவநாகரி எண்களையும் பக்கத்தில் போட்டால் உபகாரமாக இருக்கும். அந்த ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பது போலவும், நான்கு மேலே திறந்த எட்டு போலவும் தெரிவதால் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அச்சுக்குப் போகும் முன் மராத்தி தெரிந்த ஒருவரிடம் அதை உரக்கப் படித்துக் காட்டிவிடுங்கள். நம் எழுத்தில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிக்கு நிற்கிறது. ‘பஸா’வில் வருவது பம்பாய் என்று சொல்லும்போது முதலில் வரும் ‘ப’. பல் என்று சொல்லும்போது வருவது இல்லை. ‘காகா’வையும் நம் வழக்கப்படி ‘காஹா’ என்று படித்துவிடுவார்கள். இரண்டு ‘கா’வும் ஒரே மாதிரி அழுத்தமாக வர வேண்டும் என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சயான், செம்பூர், டோம்பிவிலியிலிருந்து தினமும் போய்வரும் தமிழ்ப் பயணிகள் சிலர்,
மும்பை.